உள்ளடக்கிய வகுப்பறையில் ஆசிரியர் (மேலூர் வட்டாரம்)

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பிற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம் துணைநிற்கிறது. சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் சென்றுவருவர். அன்றாடம் உடனிருப்பவர் வகுப்பாசிரியரே. கரும்பலகையில் எழுதுவதை அவர் வாய்விட்டுப் படித்தால் பார்வையற்ற மாணவி பாடத்தைத் தொடர்வாள். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சிறுவனுக்கு எதுவும் எட்டாது. ஆசிரியர் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால் மற்றப் பிள்ளைகளும் அப்படியே அழைப்பார்கள். பட்டப்பெயர் ஒழிவது பெரும்பாலும் அங்கேதான். ஆசிரியரே மாற்றுத்திறனாளியாகவும் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆம் பிரிவு, பிரெய்ல், சைகைமொழி அறிந்த மாற்றுத்திறனாளிகளையும் ஆசிரியர்களாக நியமிக்கச் சொல்கிறது. இது சலுகையல்ல, வகுப்பறையின் தேவை. கல்விப் பணியை மாற்றுத்திறனாளிகள் முன்னெடுப்பது புதிதும் அல்ல: மதுரை சுந்தரராஜன்பட்டியில் பள்ளி நடத்தும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985இல் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா பார்வையற்றவரே.