குருதிச் சிறுதட்டின் பருமனும் இருதய நோயாளரின் மாத்திரையும்

சிறுதட்டு என்னும் சொல்லை நற்பிட்டிமுனை, கல்முனைப் பகுதி மக்களுக்குப் பழக்கப்படுத்தியது டெங்குக் காய்ச்சலே எனலாம். 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். குருதிப் பரிசோதனை அறிக்கையில் சிறுதட்டின் எண்ணிக்கையைத் தேடுபவரின் கண்ணில் எம்.பி.வி. என்னும் மற்றோர் எண்ணும் படுவதுண்டு. அது சிறுதட்டின் சராசரிப் பருமனாகும். மாரடைப்பின் பின்னர் அஸ்பிரின், குளோபிடோகிரல் அருந்தி வருபவர், அவ்வெண் உயர்ந்திருப்பதைக் கண்டு மாத்திரை பயனளிக்கவில்லை எனக் கருதி நிறுத்திவிடுவாராயின் விளைவு பாரதூரமானது.

சிறுதட்டுகள் என்பு மச்சையிலுள்ள பெருங்கலங்களிலிருந்து உடைந்து பிரிபவை. அவற்றின் பருமன் பெரிதும் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது. பொதுவாக அது 7 முதல் 11 பெம்டோலீற்றர் வரை இருக்கும். பருத்தவை கூடுதல் வீரியத்துடன் ஒட்டிக்கொள்ளும். மாரடைப்புக்குள்ளானோரிடமும் நீரிழிவு நோயாளரிடமும் இப்பருமன் சற்று உயர்ந்து காணப்படுவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

மாத்திரையோ என்பு மச்சையை இலக்காகக் கொண்டதன்று. அஸ்பிரின், குருதியில் ஓடும் சிறுதட்டினுள்ளிருக்கும் நொதியம் ஒன்றை நிரந்தரமாக முடக்குகிறது. கரு இல்லாத சிறுதட்டு அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்ள இயலாது. ஏழு முதல் பத்து நாட்கள் கொண்ட தன் ஆயுள் முடியும் வரை முடங்கியே கிடக்கும். குளோபிடோகிரல் வேறொரு வாயிலை அடைக்கிறது. ஆகவே, உருவம் மாறாமலே சிறுதட்டு செயலிழக்கலாம். இம்மருந்துகளால் பருமன் குறைகிறதா என ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் ஒருமித்தவையல்ல.

அளவீட்டிலும் ஒரு சிக்கலுண்டு. குருதி உறையாதிருக்கக் குழாயில் இடப்படும் ஈ.டி.டி.ஏ. என்னும் இரசாயனத்தில் சிறுதட்டுகள் நேரம் செல்லச் செல்ல வீங்கும். காலையில் எடுத்த குருதியை மாலையில் பரிசோதித்தால் எண் உயர்வது இயல்பே. இரு வேறு இயந்திரங்களும் ஒரே எண்ணைத் தருவதில்லை.

அஸ்பிரினின் பயன் உயிர்களைக் கொண்டே அளக்கப்பட்டது. மாரடைப்பு ஏற்பட்டதாகக் கருதப்பட்ட 17,187 பேரிடம் நடத்தப்பட்டு 1988 இல் வெளியான சர்வதேச ஆய்வில், அது ஐந்து வாரங்களில் இருதய, குருதிக்குழாய் மரணங்களை 23 வீதத்தால் குறைத்தது. முடியுரு நாடியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால், அதனுள் குருதி உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். பல் பிடுங்குவதாயினும் வைத்தியரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை அருந்தும் மாத்திரையை றமழானில் நோன்பு திறந்த பின்னரோ, விரத காலத்தில் உணவு கொள்ளும் வேளையிலோ அருந்தும் விதத்தில் வைத்தியரால் நேரத்தை மாற்றித் தர முடியும்.

டெங்குக் காலம் மட்டும் வேறு. அப்போது அஸ்பிரின் குருதிப்பெருக்கைக் கூட்டக்கூடும். ஸ்டென்ட் உள்ளவருக்கோ அதனை நிறுத்துவதும் ஆபத்து. காய்ச்சல் கண்ட இருதய நோயாளர் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ தாமதமின்றிச் சென்று, அருந்தும் மாத்திரைகளின் பெயர்களையும் ஸ்டென்ட் பொருத்திய திகதியையும் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.