பட்டு துறந்தவரும் பட்டு நெய்தவரும்

வந்தவாசி என்றால் பாடப்புத்தகத்துக்கு ஒரே ஒரு தேதிதான்: 1760 ஜனவரி 22. அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை அங்கே தோற்கடித்தது. கோரைப் பாய்க்குப் பேர்போன அந்த ஊரின் பெண்களோ, பட்டுக்குப் பேர்போன பக்கத்து ஆரணியின் பெண்களோ எந்தத் தேதியிலும் வருவதில்லை.

பெண்களின் வாழ்க்கையை மாதாமாதம் அச்சில் ஏற்றிய பெண்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் வை.மு. கோதைநாயகி. 1901இல் பிறந்தார், ஐந்தரை வயதில் மணம் முடித்துவைத்தார்கள். பள்ளிக்குப் போனதில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் முதல் படைப்பான ‘இந்திரமோகனா’ நாடகம். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். குழந்தை மணம், வரதட்சணை, விதவையின் நிலை என்று வீட்டுக்குள் அடைபட்டிருந்தவற்றைக் கதையாக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை மறியலில் சிறை சென்றார். பொழுதுபோக்கு எழுத்து என்று விமர்சகர்கள் ஒதுக்கிய அந்தப் பக்கங்கள் இன்று நமக்கு வரலாற்று ஆவணம்.

காந்தியைச் சந்தித்தபின் அவர் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். அந்தத் துறவு உண்மையானது. அவரைப் போன்ற குடும்பத்துப் பெண்ணுக்கு எளிதும் அல்ல. ஆனால் துறக்க வேண்டுமானால் முதலில் அது சொந்தமாக இருக்க வேண்டும். தறி வீட்டுப் பெண்ணுக்குப் பட்டு என்பது கூலி. இழை பிரிப்பது, தார் சுற்றுவது, அறுந்த பாவைப் பிணைப்பது, கோர்வைக் கரை என்றால் மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ளுவது எல்லாம் அவள் வேலை. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் பெயரில் வரும். சமையலுக்கும் தண்ணீருக்கும் நடுவே செய்வதால் அந்த உழைப்புக்கு ‘கூடமாட ஒத்தாசை’ என்றே பெயர்.

திருவல்லிக்கேணியிலிருந்து பார்த்த இதழாசிரியர் தமக்குத் தெரிந்த வீடுகளை எழுதினார். தெரியாத வீடுகள் விடுபட்டன. பெண்களின் வரலாற்றுக்குள்ளும் சாதியும் வர்க்கமும் இப்படித்தான் வரி பிரிக்கின்றன. படித்த வீட்டுப் பெண்ணின் கண்ணீருக்குக் கதை கிடைத்தது. தறிக்குழி அருகே உட்கார்ந்தவளின் முதுகு வலிக்கு ஒரு வரிகூட இல்லை.

அதை நிரப்பும் வழியையும் கோதைநாயகியின் வாழ்க்கையே காட்டுகிறது. அன்று எழுதத் தெரியாத ஒருத்தி சொன்னாள், தெரிந்த ஒருத்தி எழுதினாள். ஓர் எழுத்தாளர் உருவானார். ஆரணியில் தார் சுற்றும் பாட்டிகளும் வந்தவாசியில் கோரை கிழிக்கும் பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல ஆயத்தமாகத்தான் இருப்பார்கள். கல்லூரிக்குப் போகும் பேத்திகள்தான் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும்.