புரத நுரைப்பிரிப்பான்

புரத நுரைப்பிரிப்பான் என்பது கடல்நீர் மீன்தொட்டியில் கரைந்துள்ள கரிமக் கழிவுகளை நுரை வடிவில் பிரித்து வெளியேற்றும் கருவி ஆகும். வணிகர்களும் மீன் வளர்ப்போரும் இதனைப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்றும், சுருக்கமாக ஸ்கிம்மர் என்றும் அழைப்பர். பவளம் வளர்க்கும் வீட்டுத் தொட்டிகளில் இது முதன்மையான தூய்மிப்புக் கருவியாகப் பயன்படுகிறது. இக்கருவியின் இயக்கம், வகைகள் ஆகியவற்றோடு, காரைக்குடி முதலிய வெப்பம் மிகுந்த உள்நாட்டு ஊர்களில் இதனைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவையும் இங்கு விளக்கப்படுகின்றன.

இயங்கும் முறை

பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்து அகற்றுவது வழக்கம். அந்நுரையை உண்டாக்குபவற்றுள் பருப்பிலுள்ள புரதம் முக்கியமானது. புரதம் போன்ற பல கரிம மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் பகுதி, நீரை விலக்கும் பகுதி என இரு பகுதிகள் உண்டு. இதனால் அவை காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அலை மோதும் கடற்கரையில் தோன்றும் நுரைக்கும் இதுவே காரணம்.

நுரைப்பிரிப்பானில் ஓர் உருளைக்குள் மிக நுண்ணிய காற்றுக்குமிழ்கள் செலுத்தப்படுகின்றன. கழிவு மூலக்கூறுகள் குமிழ்களின் பரப்பில் ஒட்டி மேலெழுகின்றன. உருளையின் கழுத்துப் பகுதியில் நீர் வடிந்துவிட, இறுகிய பழுப்பு நிற நுரை மேலேயுள்ள கோப்பையில் வழிந்து சேர்கிறது. குமிழ் சிறிதாக இருந்தால் ஒரே அளவு காற்றுக்குக் கிடைக்கும் மொத்தப் பரப்பு கூடுகிறது. உப்பு நீரில் குமிழ்கள் எளிதில் ஒன்றோடொன்று இணைவதில்லை; நன்னீரில் விரைவில் இணைந்து பெரிதாகிவிடும். ஆகவே இக்கருவி நன்னீர்த் தொட்டிகளில் சரிவரப் பயன்படுவதில்லை.

கழிவுகள் அழுகி நைட்ரேட்டாகவும் பாசுபேட்டாகவும் மாறுவதற்கு முன்பே அவற்றை அகற்றுவது இதன் சிறப்பு. நைட்ரேட்டை இது நேரடியாக நீக்குவதில்லை. நீருக்கு உயிர்வளி ஊட்டுவதும் இதன் முக்கியப் பயனாகும்.

வரலாறு

காற்றுக்கல் மூலம் இயங்கும் நுரைப்பிரிப்பான்கள் 1960-களில் செருமனியில் பரவின. பின்னர் உயிர்ப்பாறையையும் வலுவான நுரைப்பிரிப்பானையும் இணைத்துப் பவளம் வளர்க்கும் 'பெர்லின் முறை' உலகெங்கும் பின்பற்றப்பட்டது. 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் இக்கருவிகளின் திறனை அளந்து வெளியிட்டார். நீரில் அளவிடத்தக்க மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காடு வரையே இவை நீக்குகின்றன என அவ்வாய்வுகள் காட்டின. விலை உயர்ந்த கருவியாயினும், நீர் மாற்றுவதற்கும் அளவாக உணவிடுவதற்கும் அது மாற்றாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

வகைகள்

* காற்றுக்கல் வகை: மரத்தாலான காற்றுக்கல்லும் காற்று விசைப்பம்பும் கொண்டது. விலை குறைவு. கல்லை அடிக்கடி மாற்ற வேண்டும்.
* வெஞ்சுரி வகை: நீர் குறுகிய துளை வழியே விரைந்து பாயும்போது காற்றை உறிஞ்சுவது. துளையில் உப்பு படிந்து அடைபடுவது இதன் குறை.
* ஊசிச்சக்கர வகை: பம்பின் சுழலியில் உள்ள ஊசிகள் காற்றை நொறுக்கி நுண்குமிழ்களாக்கும். குறைந்த மின்சாரத்தில் மிகுந்த காற்றைத் தருவதால் வீட்டுத் தொட்டிகளில் இன்று மிகுதியும் காணப்படுவது இவ்வகையே.
* தொங்கு வகை: தொட்டியின் விளிம்பில் மாட்டப்படுவது. கீழ்த்தொட்டி இல்லாதோருக்கு ஏற்றது.

தேர்ந்தெடுக்கும் முறை

'''நீரின் கொள்ளளவு:''' 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 182 லிட்டர் கொள்ளும். மேல் இடைவெளி, மணல், பாறை ஆகியவற்றைக் கழித்து, கீழ்த்தொட்டி நீரைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். பெட்டியில் குறிக்கப்படும் அளவு பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்கு உரியது. எனவே தம் நீரளவைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை குறிக்கப்பட்ட கருவியைப் பலரும் தேர்வர். அதற்கும் மேல் பெரியது தேவையில்லை. கழிவு குறைவான நீரில் அகன்ற கழுத்துள்ள கருவி நிலையான நுரையைத் தராது. மிகச் சிறிய தொட்டிகளுக்கு வாரந்தோறும் 10 முதல் 20 விழுக்காடு நீர் மாற்றுவதே பெரும்பாலும் போதும்.

'''நீர்மட்டம்:''' ஒவ்வொரு கருவிக்கும் கீழ்த்தொட்டியில் இருக்க வேண்டிய நீரின் ஆழம் தயாரிப்பாளரால் குறிக்கப்பட்டிருக்கும். கோடையில் நீர் விரைந்து ஆவியாவதால் மட்டம் இறங்கி நுரை கழுத்தை எட்டாமல் போகும். தடுப்புக் கண்ணாடி வைத்து மட்டத்தை நிலையாக்குவதும், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மித்த நன்னீரால் நாள்தோறும் ஈடு செய்வதும் தேவை.

'''மின்னழுத்தமும் அதிர்வெண்ணும்:''' இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 எர்ட்சு. அமெரிக்கச் சந்தைக்கான பம்புகள் 60 எர்ட்சுக்கு உரியவை. மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. ஆகவே மாறுமின்னோட்ட ஒத்தியங்கு பம்பின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, உள்ளிழுக்கும் காற்றும் குறையும். 20 வாட் பம்பு இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 29 அலகு மின்சாரம் எடுக்கும்.

'''உதிரிப் பாகம்:''' சுழலியும் அதன் தண்டும் தேயக்கூடியவை. அவை உள்நாட்டில் கிடைக்குமா என்று முன்னரே கேட்டறிதல் நன்று. கடல்நீர் உலோகத்தை அரிக்கும் என்பதால் பீங்கான் தண்டு விரும்பப்படுகிறது.

மின்தடையின்போது

தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீண்ட மின்வெட்டுகள் நிலவின. இன்றும் பராமரிப்பு நாட்களில் பகல் நேர மின்தடை உண்டு. கடல்நீர் 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மி.கி. உயிர்வளியைக் கொள்ளும், 30 பாகையில் அது 6.2 மி.கி. ஆகக் குறையும். வெப்பம் ஏறும்போது மீன்களின் உயிர்வளித் தேவையோ கூடுகிறது. எனவே கோடை மின்தடையே தொட்டிக்குப் பேராபத்து.

நுரைப்பிரிப்பானை மட்டும் இன்வெர்ட்டரில் இணைப்பது பலர் செய்யும் பிழை. மின்சாரம் நின்றதும் நீரேற்றும் பம்பு நின்று, மேல்தொட்டி நீர் கீழ்த்தொட்டியில் இறங்கி மட்டம் உயரும். அப்போது நுரைப்பிரிப்பான் ஓடிக்கொண்டிருந்தால் கோப்பை நிரம்பிக் கழிவுநீர் தரையில் வழியும். மேலும் அது கீழ்த்தொட்டி நீரையே கலக்குவதால் மேலுள்ள மீன்களுக்குப் பயனில்லை. முதலில் மேல்தொட்டியின் நீர்ச்சுழற்சிப் பம்பையோ மின்கலக் காற்றுப்பம்பையோ இயக்குவதே முறை. சதுர அலை இன்வெர்ட்டரில் மாறுமின்னோட்டப் பம்புகள் இரைந்து சூடேறும். சைன் அலை இன்வெர்ட்டர் ஏற்றது. 24 வோல்ட் நேர்மின்னோட்டப் பம்பை மின்கலத்தோடு இணைப்பது எளிது.

பராமரிப்பு

புதிய கருவி சீராக நுரைக்கச் சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை ஆகலாம். கழுத்தில் படியும் கொழுப்பு நுரையை அழிக்கும் என்பதால் அதனை வாரம் ஒருமுறையேனும் துடைக்க வேண்டும். எண்ணெய் பட்ட கையைத் தொட்டியில் விட்டாலும் நுரை தற்காலிகமாக அடங்கும். குளிரூட்டிய மூடிய அறையில் கரியமில வாயு மிகுந்து நீரின் காரத்தன்மை குறியெண் இறங்குவதுண்டு. காற்றுக்குழாயின் முனையைச் சன்னலுக்கு வெளியே வைத்தால் இது ஓரளவு சீராகும்.

சட்டமும் சூழலும்

செட்டிநாட்டிற்குத் தெற்கே, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரவியுள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் இங்குப் பவளங்கள் வெளிறின.

கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். இறந்த பவளத் துண்டுகளும் இதற்கு விலக்கல்ல. எனவே தொட்டிக்குச் செயற்கைப் பாறையே தக்கது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. இவ்வாறு வளர்க்கப்பட்ட மீன்களைக் கொண்ட தொட்டி, கடலுக்கு ஊறு செய்யாத நல்ல தொடக்கமாகும். அதற்கும் நுரைப்பிரிப்பான் இதே வகையில் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* பவளப் பாறை
* மன்னார் வளைகுடா
* எதிர்ச் சவ்வூடு பரவல்
* கோமாளி மீன்