திரையில் எடிசன்: ஒற்றைப் பெயர் உருவான கதை

நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில், தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூட வளாகத்துக்குள் 1893-ஆம் ஆண்டு கறுப்புக் கொட்டகை ஒன்று எழுந்தது. சுவர் முழுக்கத் தார்க்காகிதம். கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விடலாம். வெயில் நகர நகர, கொட்டகையையே தண்டவாளத்தின் மேல் சுழற்றித் திருப்பலாம். ‘பிளாக் மரியா’ என்று பெயர்பெற்ற அந்தக் கொட்டகையில்தான் 1894 ஜனவரியில் ஃப்ரெட் ஓட் என்ற பணியாளர் தும்மும் காட்சியைப் படம் பிடித்தார்கள். சில நொடிகளே ஓடும் அந்தத் தும்மல் அமெரிக்கச் சினிமாவின் தொடக்ககால ஆவணங்களில் ஒன்று. கேமராவை உருவாக்கும் வேலையில் முன்னின்றவர் டபிள்யூ. கே. எல். டிக்சன். ஆனால் வெளியுலகம் அறிந்தது எடிசனின் பெயரை மட்டும்தான்.

எடிசனைப் பற்றிப் பின்னாளில் வந்த திரைப்படங்களின் சிக்கலும் இதுவே. ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்த்த வேலையை ஒரே முகத்தில் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இருந்தது. காலத்துக்கேற்ப அந்த முகம் மாறியது: முதலில் குறும்புச் சிறுவன், அடுத்து உழைப்பின் நாயகன், அதன்பின் எதிராளி. கூடம் மட்டும் திரைக்கு வரவே இல்லை.

எடிசனை வியக்கத் தொடங்குவதற்கு முன்னால் அமெரிக்கத் திரையுலகம் அவரோடு நீதிமன்றத்தில் மோதியிருந்தது. 1908-இல் அவரது நிறுவனமும் போட்டி நிறுவனங்களும் தத்தம் காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் அனுமதி பெறாமல் படம் எடுத்தவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. கார்ல் லேம்லியும் வில்லியம் ஃபாக்ஸும் அந்த ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர்கள். தயாரிப்பாளர்கள் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்ததற்கு முதன்மைக் காரணம் அங்கே ஆண்டு முழுக்கக் கிடைத்த வெயில். நியூயார்க்கின் வழக்குத் தொல்லையும் ஓரளவு சேர்ந்துகொண்டது. கூட்டமைப்பின் நடவடிக்கைகள் சட்டவிரோதம் என்று 1915-இல் தீர்ப்பு வந்தது.

எடிசன் 1931 அக்டோபரில் இறந்தார். அடுத்த ஒன்பதாம் ஆண்டில், 1940-இல், எம்ஜிஎம் நிறுவனம் அவரைப் பற்றி ஒன்றல்ல, இரண்டு படங்களை வெளியிட்டது. நார்மன் டாரோக் இயக்கிய ‘யங் டாம் எடிசன்’ படத்தில் மிக்கி ரூனி சிறுவனாக வந்தார். கிளாரன்ஸ் பிரௌன் இயக்கிய ‘எடிசன், த மேன்’ படத்தில் ஸ்பென்சர் டிரேசி பெரியவராக நடித்தார். முந்தைய ஆண்டில்தான் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், டான் அமீச்சியை அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லாக்கிப் பணம் பார்த்திருந்தது. கண்டுபிடிப்பாளர் கதைக்குச் சந்தை இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதல் படத்தில் ஒரு காட்சி. தாய்க்கு அவசர அறுவை சிகிச்சை, இரவு, மருத்துவருக்கு வெளிச்சம் போதவில்லை. சிறுவன் டாம் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து விளக்கொளியை அதில் எதிரொளிக்கச் செய்து அறையை வெளிச்சமாக்குகிறான், தாய் பிழைக்கிறாள். எடிசனின் வாழ்க்கை ஆவணங்கள் எதிலும் இப்படியொரு நிகழ்ச்சிக்குச் சான்று கிடையாது. ஆனாலும் திரை கொடுத்த வலுவில் அது பள்ளி மேடைகள் வரை பரவி, இன்றும் உண்மைச் சம்பவமாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் நடந்தது இதற்குச் சளைத்ததல்ல. 1862-இல் மவுன்ட் கிளெமன்ஸ் நிலையத்தில், உருண்டு வந்த ரயில் பெட்டிக்கு முன்னால் நின்ற நிலைய அதிகாரியின் குழந்தையைப் பதின்ம வயது எடிசன் இழுத்துக் காப்பாற்றினார். நன்றிக்கடனாக அந்த அதிகாரி அவருக்குத் தந்திப் பயிற்சி அளித்தார். எடிசனின் தொழில் வாழ்க்கை அந்தத் தந்திக் கருவியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது படம் 1929-இன் ‘விளக்கொளியின் பொன்விழா’விலிருந்து விரிகிறது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு நடத்திய அந்த விழாவுக்கு அதிபர் ஹூவரே வந்திருந்தார். 82 வயது எடிசன், 50 ஆண்டுக்கு முந்தைய பல்புச் சோதனையை அங்கே மறுபடியும் செய்துகாட்டினார். வரலாறு ஏற்கெனவே மேடைக் காட்சியாகிவிட்டது. எம்ஜிஎம் அதையே திரைக்கதையின் சட்டகமாக எடுத்துக்கொண்டது. நியூயார்க்குக்குக் கெடு தவறாமல் வெளிச்சம் தர வேண்டும் என்ற பதற்றமும், குறுக்கே நிற்கும் கற்பனை வில்லன் ஒருவனும் கதையை நகர்த்துகிறார்கள்.

எடிசனின் முந்தைய ஆய்வுக்கூடம் இருந்த மென்லோ பார்க்கில் வில்லன் இல்லை, வேலை இருந்தது. பல்பின் இழை கருகாதிருக்க உள்ளே வெற்றிடம் வேண்டும். அதற்கு ஸ்ப்ரெங்கல் பாதரசப் பம்பு தேவைப்பட்டது. கண்ணாடிக் குமிழ்களை லுட்விக் போம் ஊதிக் கொடுத்தார். கணக்குகளைக் கணிதம் பயின்ற ஃபிரான்சிஸ் அப்டன் போட்டார், கைநுட்பம் சார்ல்ஸ் பேட்ச்லருடையது, இயந்திரங்களைச் செய்தவர் ஜான் குரூசி. 1879 அக்டோபரில் கரியாக்கிய நூலிழை மணிக்கணக்கில் எரிந்தது இத்தனை பேரின் கூட்டு முயற்சியால்தான். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அதே ஆண்டுகளில் பல்பு செய்துகொண்டிருந்தார். 1883-இல் அங்கே இருவரின் தொழிலும் ஒரே நிறுவனமாக இணைந்தது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது எடிசன் விற்றது பல்பை மட்டுமல்ல. டைனமோ, நிலத்தடிக் கம்பி, மின்மானி எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பை. இரண்டு மணி நேரப் படத்துக்குப் பல்பே வசதியாக இருந்தது.

திருப்பம் வேறொரு நாட்டிலிருந்து வந்தது. யூகோஸ்லாவியாவின் கிர்ஸ்டோ பாபிச், 1980-இல் நிக்கோலா டெஸ்லாவைப் பற்றிப் படம் எடுத்தார். பெடார் போஜோவிச் டெஸ்லா; ஆர்சன் வெல்ஸ், பணமுதலை ஜே. பி. மார்கன். தங்கள் மண்ணில் பிறந்த மேதையைத் தங்கள் கண்ணால் பார்க்கும் முயற்சி அது. அங்கே எடிசன் நாயகன் அல்ல. நேர்மின்னோட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாறுமின்னோட்டத்தின் வழியை மறித்தவர்.

2017-இல் அமெரிக்கப் படமே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அல்ஃபோன்சோ கோமஸ்-ரெஹோன் இயக்கிய ‘த கரன்ட் வார்’ படத்தில் எடிசனாக பெனடிக்ட் கம்பர்பாட்சும், மாறுமின்னோட்டத்தை முன்னிறுத்திய போட்டியாளர் வெஸ்டிங்ஹவுஸாக மைக்கேல் ஷானனும் நேருக்கு நேர் மோதினார்கள். மாறுமின்னோட்டம் ஆளைக் கொல்லும் என்று நிரூபிக்க எடிசனின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகள் பலியானதும், 1890 ஆகஸ்டில் வில்லியம் கெம்லர் மின்நாற்காலியில் கொடூரமாக இறந்ததும் இந்தப் போரின் கறைகள். டொரொன்டோ விழாவில் படம் திரையிடப்பட்டதற்கு அடுத்த மாதமே தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டைன்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் வெடித்தன. வெளியீடு நின்றுபோய், இயக்குநர் மறுபடியும் செதுக்கிய வடிவம் 2019-இல்தான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. கூர்மையான படம். ஆனால் ஒரு நாயகனுக்குப் பதில் இரண்டு நாயகர்கள் என்பதைத் தாண்டி அது போகவில்லை. டெஸ்லாவே ஓரமாகத்தான் நிற்கிறார்.

மைக்கேல் அல்மரெய்டா 2020-இல் எடுத்த ‘டெஸ்லா’ துணிச்சலில் இவற்றையெல்லாம் மிஞ்சியது. எடிசனும் டெஸ்லாவும் ஐஸ்கிரீம் கோன்களை ஒருவர்மேல் ஒருவர் அழுத்திச் சண்டையிடுகிறார்கள். உடனே கதைசொல்லியான ஆன் மார்கன், இது இப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை என்று பார்வையாளரிடம் நேராகச் சொல்லிவிடுகிறார். எம்ஜிஎம்மின் கண்ணாடிக் காட்சிக்கு இப்படியொரு குரல் கிடைத்திருந்தால் எத்தனையோ பாடப்புத்தகங்கள் தப்பித்திருக்கும்.

ஆனால் டெஸ்லாவாக வரும் ஈத்தன் ஹாக்கின் தனிமையில் தோய்ந்த முகத்தைத்தான் இந்தப் படமும் நம்பியிருக்கிறது. இதற்கிடையே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘எடிசன் ஆவணங்கள்’ திட்டம் 1970-களின் இறுதியிலிருந்து லட்சக்கணக்கான பக்கங்களை வகைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. மென்லோ பார்க் குறிப்பேடுகளில் எடிசனின் எழுத்தோடு பேட்ச்லரின் எழுத்தும் அப்டனின் கணக்குகளும் கலந்து கிடக்கின்றன. தவறிய சோதனைகள், மறுநாள் வந்த திருத்தங்கள், ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடித்த படங்கள் எல்லாம் அங்கே தேதியோடு இருக்கின்றன. அடுத்து எடிசனை எடுக்க வரும் இயக்குநர் தொடங்க வேண்டிய இடம் அந்தக் குறிப்பேடுகள்தான்.