முழங்கையும் எல்போவும்: ஆங்கிலம் தூரத்தை அளந்த கதை



நம்மூர்ப் பிள்ளைகள் பலர் ஆங்கில மரபுத்தொடர்களை விளங்காமலே பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் அத்தனையும் மறந்துபோகும். "அது வெள்ளைக்காரன்ட பாஷை, நமக்கு ஏறாது" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம். ஆனால் தூரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றை உண்டாக்கியவர்கள் நம் மூத்தவாப்பாமாரைப் போன்ற உழவரும் கடலோடிகளும் துணி விற்றவர்களும்தான்.

முதலில் மைல். லத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். ஒரே கால் மீண்டும் நிலத்தில் படும்வரை ரோமர்களுக்கு ஓர் எட்டு. அப்படி ஆயிரம் எட்டு சேர்ந்தால் ஒரு மைல். கஸ்ர் தொழுகைக்கான பயணத் தூரத்தைச் சொல்லும்போது மார்க்க நூல்களில் வரும் 'மீல்' என்ற அரபுச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இங்கிலாந்து உழவர்களிடம் வேறு கணக்கு இருந்தது. ஏர் மாடுகள் இளைப்பாறாமல் ஒரே மூச்சில் உழும் சாலின் நீளம் 'ஃபர்லாங்'. 'ஃபரோ' என்றால் உழவுச் சால், 'லாங்' என்றால் நீளம். ரோமரின் மைல் 5000 அடி. அது ஃபர்லாங் கணக்கோடு பொருந்தவில்லை. ஃபர்லாங்கில் கைவைத்தால் காணி அளவெல்லாம் குழம்பிப்போகும். ஆகவே 1593இல், முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் மைலை நீட்டியது: 8 ஃபர்லாங், அதாவது 5280 அடி.

கடலில் 'ஃபாதம்'. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், 6 அடி. நம் மீனவர்கள் 'பாகம்' என்பதும் இதைத்தான். கடலாழம் அளந்த அந்தச் சொல், பிறகு ஒரு விஷயத்தை ஆழமாக விளங்கிக்கொள்வதையும் குறித்தது.

துணிக்கு 'எல்'. ஆரம்பத்தில் அது முன்னங்கையின் நீளம். அந்தக் கை வளையும் இடம்தான் 'எல்போ'. நமக்கும் முழம், முழங்கை! பின்னாளில் இங்கிலாந்தில் ஓர் எல் 45 அங்குலமாகியது. 'அங்குலம் கொடுத்தால் எல்லை எடுப்பான்' என்ற கருத்தில் ஒரு பழமொழியும் பிறந்தது. அந்த அளவை வழக்கொழிந்ததும் பழமொழிக்குள் மைல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாம் சொல்வது: இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்.

அளவுகோலே தேவைப்படாத தொடர்களும் உண்டு. 'ஸ்டோன்ஸ் த்ரோ' என்றால் கல்லெறி தூரம். அம்பு பாயும் தூரம் 'போஷாட்'. அதே பாணியில் காதுக்கு எட்டும் தூரம் 'இயர்ஷாட்' ஆனது. நமக்கு அது கூப்பிடு தூரம். 'ஹெயர்ஸ் ப்ரெத்' என்பதை நாம் மயிரிழை என்கிறோம்.

'அஸ் த க்ரோ ஃப்ளைஸ்' என்றால் காகம் பறக்கும் நேர்வழி. திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் காகம் குடாவுக்கு மேலால் நேராகப் போய்விடும். தரைவழியே போகும் நாம் கிண்ணியாப் பக்கமாகச் சுற்ற வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

நம் வீதிகளில் இப்போது கிலோமீற்றர் கற்கள். ஆனாலும் பிரித்தானியர் காலத்து மைல்கட்டையை வைத்து 'மூன்றாம் கட்டை', 'ஐந்தாம் கட்டை' என்று ஊர்களைச் சொல்கிறோமே, அதுபோலத்தான் ஆங்கிலத்திலும். உடல் இங்கே, மனம் எங்கோ என்றிருப்பவனை இன்றும் 'மைல்ஸ் அவே' என்கிறார்கள். சட்டம் அளவையை மாற்றலாம், மக்களின் வாய் இலேசில் மாறாது.

கவலை என்னவென்றால், சாண், முழம், பாகம் எல்லாம் நம் பிள்ளைகளின் வாயிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத் தொடரும் விளங்காது, நம்முடைய அளவையும் தெரியாது என்ற நிலைக்கு அவர்களை விடக்கூடாது. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் அனுப்புங்கள். கையை நீட்டி முழம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்போவை நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்.