இரவில் சும்மா கிடந்த மின்சாரம்: 1900களின் மின்கார்க் கதை

1900ஆம் ஆண்டுக்கான அமெரிக்கக் கணக்கெடுப்பில் மோட்டார் வாகன உற்பத்தி பற்றிய எண்கள் இருக்கின்றன. அந்த நாட்டில் தயாரான 4,192 வாகனங்களில் 1,681 நீராவியில் ஓடுபவை. 1,575 மின்சாரத்தில் ஓடுபவை. பெற்றோலில் ஓடுபவை வெறும் 936. கடைசியாக நின்றதுதான் பிறகு உலகத்தையே பிடித்தது.

ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவினம். பற்றரி சரியில்லை, பெற்றோல் மலிவு, ஃபோர்ட் வந்தார், கதை முடிந்தது. பிழையான பதில் இல்லை. ஆனால் இதில் ஒரு ஆள் காணாமல் போய்விடுகிறார். காருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய மின்சாரக் கம்பனி அந்த இருபது வருசமும் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தொடக்கம் நியூயோர்க்கின் வாடகை வண்டிகள். 1894இல் பிலடெல்பியாவில் ஹென்றி மொரிஸ், பெட்ரோ சலோம் என்ற இருவர் 'இலெக்ட்ரோபற்' என்றொரு மின்வண்டியைச் செய்தார்கள். 1897இல் அவர்களுடைய வண்டிகள் நியூயோர்க் தெருவில் வாடகைக்கு ஓடின. அந்தத் தொழிலை வாங்கிய ஐசக் ரைஸ் பற்றரிக் கம்பனிக்காரர். அவருடைய இலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பனி பனிச்சறுக்கு விளையாடும் பழைய மண்டபம் ஒன்றை எடுத்து, வண்டி உள்ளே வந்ததும் தீர்ந்த பற்றரியை இழுத்தெடுத்து, சார்ஜ் ஏறிய பற்றரியைச் சில நிமிடங்களில் பொருத்தி அனுப்பியது. இன்றைக்கு சீனாவில் பற்றரி மாற்றும் நிலையங்களின் வீடியோவைப் பார்த்து நாங்கள் வாய் பிளக்கிறோம். அது அங்கே அப்போதே நடந்த வேலை.

(அமெரிக்காவில் வேகமாக ஓட்டியதற்காக முதலில் கைதானவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிற ஜேகப் ஜேர்மனும் இந்தக் கம்பனியின் சாரதிதான். 1899 மே மாதம் லெக்சிங்டன் அவெனியூவில் மணிக்கு 12 மைல் வேகம். துரத்திப் பிடித்த பொலிஸ்காரர் வந்தது சைக்கிளில்.)

கம்பனி தொழில்நுட்பத்தால் விழுந்ததை விடப் பேராசையால் விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பெரிய முதலாளிகள் உள்ளே வந்தார்கள், பங்குகள் ஊதிப் பெருத்தன, மோசடிக் கடன் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, 1907இல் வங்குரோத்து. அதன் கையில் பெற்றோல் காருக்கான செல்டன் காப்புரிமையும் இருந்தது. அதை வைத்து ஃபோர்ட் மீது வழக்குப் போட்டது. மின்கார்க் கம்பனி பெற்றோல் காரின் உரிமைப் பணத்தில் பிழைக்கப் பார்த்திருக்கிறது.

இனி சிக்காகோவுக்கு வருவோம். எடிசனின் செயலாளராக இருந்த சாமுவேல் இன்சல் 1892இல் சிக்காகோ எடிசன் கம்பனியின் தலைவரானார். அவர் கண்டுபிடித்தது ஒரு கணக்கு. மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்குப் போடுகிற அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் அத்தனை பெரிய ஜெனரேற்றரும் வாங்க வேண்டும். மிச்ச நேரம் அது சும்மா கிடக்கும், ஆனால் அதற்கு வாங்கின கடனின் வட்டி சும்மா கிடக்காது. 1894இல் இங்கிலாந்துக்குப் போனபோது பிரைட்டன் நகரத்தில் ஆர்தர் ரைட் என்பவர், எவ்வளவு கரண்ட் பாவித்தார்கள் என்பதோடு உச்சத்தில் எவ்வளவு கேட்டார்கள் என்றும் அளக்கிற மீற்றர் ஒன்றைப் பாவிப்பதை இன்சல் கண்டார். திரும்பி வந்ததும் விலையை அதற்கேற்ப மாற்றத் தொடங்கினார். மற்றவர்கள் கேட்காத நேரத்தில் கேட்பவருக்கு மலிவு. ஐஸ் தொழிற்சாலை, ட்ராம் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கஸ்டமில்லை. மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தில் பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அதற்குப் பிறகு காலை 5.30 வரை மலிவு நேரம். மோட்டர் போடுறதெண்டாலும் அயர்ன் பண்ணுறதெண்டாலும் ஏழு மணிக்குச் செய்யாதே எண்டு வீட்டில் திட்டு விழுகிறது இந்தக் கணக்கால்தான்.

அப்படிப் பார்த்தால் மின்வண்டி மின்சாரக் கம்பனிக்குக் கடவுள் கொடுத்த வாடிக்கையாளர். பகலில் ஓடும், இரவில் நிற்கும், எல்லாரும் படுத்த பிறகு மெதுவாகச் சார்ஜ் ஏறும். 1910இல் மின்சாரக் கம்பனிகளும் வண்டி செய்பவர்களும் பற்றரிக்காரர்களும் சேர்ந்து அமெரிக்க மின்வாகனச் சங்கத்தை உருவாக்கியது இந்த நம்பிக்கையில்தான்.

ஆனால் நம்பிக்கைக்கும் நடைமுறைக்கும் இடையில் நிறைய இடைவெளி. பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். புதிதாக வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததோ பெரும்பாலும் ஆடலோட்டம். அதை மாற்ற பீற்றர் கூப்பர் ஹெவிற் 1902இல் கண்டுபிடித்த இரச ஆவி ரெக்ரிஃபையர் இருந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் நீலமாக எரிகிற அந்தச் சாமானை வாங்கிக் கராஜில் வைக்கப் பணக்காரரால்தான் முடியும். அதனால் மின்கார் பணக்கார வீட்டுப் பெண்களின் காராகச் சுருங்கியது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டிட்ரொயிட் இலெக்ட்ரிக் கார். "பெண்களின் கார்" என்ற பெயர் விழுந்த பிறகு ஆண்கள் அதை வாங்கத் தயங்கினார்கள் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற தொல்லை இல்லாத, புகை இல்லாத, சத்தம் இல்லாத காரை விரும்பியது அந்தப் பெண்களின் குறையாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் அந்த நகரத்து மின்சாரக் கம்பனி மற்றவர்களைப் போல விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. மக்கள் மின்வண்டிக்குப் பயப்படுவது வண்டியைப் பார்த்தல்ல, பற்றரியைப் பார்த்து என்பதை அது பிடித்துக்கொண்டது. எப்போது சாகும், மாற்ற எவ்வளவு போகும் என்ற பயம். ஆகவே பற்றரியை வாடிக்கையாளரின் தலையிலிருந்து இறக்கி, தன் தலையில் ஏற்றிக்கொண்டது. ஜெனரல் வெஹிக்கிள் கம்பனியின் லொறியைப் பற்றரி இல்லாமலே வாங்கலாம். பற்றரி மின்சாரக் கம்பனியின் சொத்து. லொறிக்காரர் மாதம் ஒரு நிலையான தொகையும், ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு தொகையும் கட்டினால் போதும். தீர்ந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். பராமரிப்பும் அதே கட்டணத்துக்குள்.

லொறி என்றதும் தூரப் பயணத்தை நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து மின்லொறிகள் பாண், ஐஸ், கடைச்சாமான் கொண்டுபோனவை. ஒரே பாதை, அடிக்கடி நிறுத்தம், பொழுதுபட முன் திரும்பி வருதல். இந்த வேலைக்குப் பற்றரி எந்தக் குறையும் வைக்கவில்லை. ஹார்ட்ஃபோர்ட்டின் சேவை 1924 வரை நடந்தது. அந்த வண்டிகள் மொத்தமாக ஓடிய தூரம் 60 இலட்சம் மைலுக்கு மேல். "அந்தக் காலத்து பற்றரியால் முடியாது" என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுகிற ஒரே எண் இதுதான்.

பிறகு ஏன் எல்லா நகரமும் ஹார்ட்ஃபோர்ட் ஆகவில்லை? பற்றரியைச் சொந்தமாக வைத்திருப்பது முதலைப் போட்டுக் காத்திருக்கும் வேலை. அதே காலத்தில் மின்சாரக் கம்பனிகளுக்குத் தொழிற்சாலை மோட்டார்களும் ட்ராமும் இருந்தன, பிறகு 1920களில் குளிர்சாதனப் பெட்டியும் வந்தது. அது இருபத்துநான்கு மணித்தியாலமும் கரண்ட் குடிக்கும், வாகனத்தைப் போல ஊர் சுற்றாது. வரலாற்றாசிரியர் டேவிட் கிர்ஷ் 2000இல் வெளியிட்ட நூலில் மின்வாகனத்தின் தோல்விக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாக்காமல் இந்த நிறுவனங்களின் தெரிவுகளையும் முன்னுக்குக் கொண்டுவருகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

மற்றப் பக்கம் பெற்றோல் கார் நிற்காமல் மாறிக்கொண்டிருந்தது. 1912இல் சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின்ஸ்டாட்டர் கடிலாக் காரில் வந்ததோடு கைப்பிடித் தொல்லை போனது. 1913இல் ஃபோர்ட்டின் தொடர் பொருத்தும் வரிசை, அதோடு விலையும் சரிந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது கம்பி எங்கே முடிந்தது என்பதுதான். மொடல் ரீ காரை விரும்பி வாங்கியவர்களில் நிறையப் பேர் விவசாயிகள். 1930களின் நடுப்பகுதியிலும் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் போயிருந்தது. இலாபம் வராது என்று கம்பனிகள் கம்பி இழுக்கவில்லை. கரண்டே இல்லாத வீட்டுக்காரன் எப்படி மின்காரை வாங்குவான்? பெற்றோல் என்றால் ஊர்க் கடையில் தகரத்தில் கிடைக்கும்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் எங்கட தெருக்களில் புது மின்கார்கள் தெரியத் தொடங்கின. அதே வருசம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கேள்வி குறைந்து வெயில் கரண்ட் கூடியதால், கூரை சோலார் வைத்திருப்பவர்களை அதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இன்சலின் நாளில் சும்மா கிடந்தது நடுச்சாமத்து மின்சாரம். இங்கே இப்போது மத்தியானத்து மின்சாரமும் மிஞ்சுகிறது. மத்தியானம் கார் நிற்பது வீட்டில் இல்லை, கந்தோர் வாசலில், ஆஸ்பத்திரி வளவில், பள்ளிக்கூட மதில் ஓரத்தில். அங்கே பிளக் வைப்பது யார், அந்தத் தெரு ட்ரான்ஸ்ஃபோமரைப் பெரிதாக்கும் செலவு யாருடைய பில்லில் விழும், கார் இல்லாத வீட்டின் பில்லிலும் விழுமா என்பதெல்லாம் முதல் ஆயிரம் கார்களுக்குள்ளேயே முடிவாகிவிடக்கூடிய விசயங்கள். ஹார்ட்ஃபோர்ட் கம்பனி பற்றரியை யார் சுமப்பது என்று முதலிலேயே கேட்டது. மற்ற நகரங்களில் அந்தக் கேள்வியை வாங்குபவரிடமே விட்டார்கள்.