செய்யூர் கரையில் ஒரு நாள் ஐரோப்பா

ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லண்டன்... நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு நாளாவது சுற்றிப் பார்க்க ஆசைப்படும் நகரங்கள். ஆம்ஸ்டர்டாமில் 17-ம் நூற்றாண்டுக் கால்வாய்களின் ஓரத்தில் வணிகர்கள் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். 2010-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் பற்று இருக்க வேண்டும். அந்த நகரங்களின் பழைய கணக்கில் மறுபக்கத்தைப் பார்க்க விசா தேவையில்லை. செய்யூரில் பஸ் ஏறினால் போதும்!

முதலில் ஆலம்பரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் இறங்கிக் கடலை நோக்கிப் போனால் உப்பங்கழி ஓரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கோட்டைச் சுவர்கள் தெரியும். 17-ம் நூற்றாண்டின் இறுதியில், முகலாயர் காலத்தில் எழுந்த கோட்டை இது. பிறகு ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் வசம் இருந்தது. இங்கிருந்து துணி, உப்பு, நெய் எல்லாம் கப்பல் ஏறின.

ஆலம்பரைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இங்கே ஒரு தங்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் இடம் இருந்தது. அது ஏன் முக்கியம்? ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்கக் கப்பலில் வெள்ளியைக் கொண்டு வந்தன. ஆனால் நெசவாளி வெள்ளிக் கட்டியை வைத்துக்கொண்டு சந்தையில் அரிசி வாங்க முடியாது. அவருக்கு ஊரில் செல்லும் காசு வேண்டும். அந்தக் காசை அடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு பங்கு கிடைக்கும். அதனால்தான் 1736-ல் புதுச்சேரி ஆளுநர் துய்மா, தோஸ்த் அலிகானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார். அதே ஆண்டில் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் ஆலம்பரை வருகிறது.

1750-ல் முசாபர் ஜங், தனக்கு உதவிய துய்ப்ளேக்கு ஆலம்பரையைக் கொடுத்தார். பத்தே வருடம். 1760-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தை அலையும் காற்றும் பார்த்துக்கொண்டன. 2004 சுனாமியும் அந்தச் சுவர்களை விட்டுவைக்கவில்லை.

அடுத்து வடக்கே, பாலாற்றைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடலைப் பார்த்து நிற்கிறது டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே கிடங்குகளும் ஒரு கல்லறைத் தோட்டமும் உண்டு. இந்தக் கரையின் மெல்லிய துணிகளை வாங்கி அனுப்ப வந்தவர்கள், ஊர் திரும்பாமல் இங்கேயே மண்ணாகிப் போனார்கள். அவர்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. அந்தத் துணியை நெய்தவர்கள் பெயர் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை.

1754 ஜனவரியில் இந்தச் சின்ன ஊரில் ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. கர்நாடகத்துக்கு யார் நவாப் என்று முடிவு செய்ய ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் பாக், ஹென்றி வான்சிடார்ட் ஆகியோரும், பிரெஞ்சுத் தரப்பில் பாதிரியார் லவோர் முதலானோரும் வந்து உட்கார்ந்தார்கள். டச்சு ஊர் இரு தரப்புக்கும் பொது இடம். யாருடைய சாசனம் செல்லும் என்ற தகராறிலேயே பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் துய்ப்ளே பதவி இழந்தார். ஆற்காட்டு மக்களை ஆளப்போவது யார் என்று பேச ஆற்காட்டு மக்களைத் தவிர மற்றவர்கள் கூடினார்கள்!

பொழுது சாயும் முன் மாமல்லபுரம் போய்விடலாம். இங்கே நிலைமை தலைகீழ். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஐரோப்பியர்கள். கடலோடிகள் இதை ஏழு கோயில்கள் என்று அழைத்தார்கள். 1772-லும் 1776-லும் வந்து பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788-ல் வெளியான 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் இடம்பெற்றது.

ஊர் சுற்றுவதும் வழி சொல்வதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், ஆலம்பரை இருக்கும் இதே இடைக்கழிநாட்டுக்காரர். 269 அடிகளில் ஒரு பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில் வஞ்சி, மதுரை, உறந்தை என்ற மூன்று தலைநகரங்களும் வருகின்றன. ஆனால் நல்லியக்கோடன் தரும் பரிசுக்கு முன்னால் அந்த மூன்றும் குறைவுதான் என்கிறார் புலவர். பெரிய நகரங்களைப் பார்த்து வாய் பிளக்காத ஆள்!

ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு நாள் தாராளமாகப் போகலாம், தப்பே இல்லை. ஆனால் போகும் முன் ஆலம்பரையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கால்வாய் ஓர வீடுகள் இன்னும் பல காலம் நிற்கும். ஆலம்பரைச் சுவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.